தாவூது வீட்டு வெப்பமண்டலக் காடு

காரைக்காலில் காடு கிடையாது. வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, உப்பங்கழி இருக்கிறது, ஒன்றிரண்டு சவுக்குத் தோப்பு இருக்கிறது. அதைத் தாண்டினால் கடல். அப்படிப்பட்ட ஊரில், வெப்பமண்டலக் காடுகளில் திரியும் கொறிவிலங்குகளை இனம் பிரித்துப் பதிவு செய்வதற்கென்றே ஒரு சர்க்கார் அலுவலகம் இருந்தது. வெளியூர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர் யாரும் சிரித்ததில்லை; ஏனென்றால் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மாமனோ மச்சானோ சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஏற்பட்ட அலுவலகம் அது. மலையும் மரமுமாக இருக்கிற மாஹேயில்தான் அதை வைக்கச் சொல்லி முதலில் உத்தரவு வந்ததாம். அங்கே போன முதல் டைரக்டரைக் காட்டட்டை கடித்துவிட்டது. காட்டட்டை இல்லாத ஊராகத் தேடிக்கொண்டு அவர் காரைக்காலுக்கு வந்து சேர்ந்தார். அட்டை இல்லாத ஊரில் காடும் இருக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அது அவருக்கு ஒரு குறையாகப் படவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த அலுவலகம் ஓர் எலியைக்கூடப் பதிவு செய்ததில்லை. இத்தனை காலத்தில் ஒரு தவறும் நேரவில்லை என்று ஆண்டறிக்கையில் இதையே பெருமையாக எழுதினார்கள்.

அதன் முழுப்பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. பிரெஞ்சில் ஆபீசுக்குப் 'புய்ரோ' என்று பேர்; ஆகவே ஜனங்கள் சுருக்கமாக எலிப் புய்ரோ என்றார்கள்.

ஐம்பத்துநாலு நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. கொடி மாறினாலும் யாருடைய உத்தியோகமும் மாறாது என்று பேச்சு. ஆகவே பழைய டைரக்டர் எத்மோன் ஐயா, பிரெஞ்சு வழக்கில் முசே எத்மோன், தம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இந்திய சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு டைரக்டரைப் போட வேண்டும் அல்லவா? தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வைத்தியலிங்கம் என்பவரை அனுப்பியது. ஒரே அறை, எதிரெதிரே இரண்டு மேஜை. எந்தக் காகிதமானாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எத்மோனுக்கு இங்கிலீஷ் ஆகாது. வைத்தியலிங்கத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. இருவருக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் தமிழில் அலுவல் பார்க்க இரண்டு சர்க்காரிலுமே விதி இல்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தால் தாவூது மரைக்காயர் அந்தப் படியை மிதித்திருக்கவே மாட்டார். பாவம், அவருக்குத் தெரியாது. வயதில் பாதியைச் சைகோனில் ஒரு துணிக்கடையில் முழம் போட்டே கழித்துவிட்டு, அடுத்த வருஷக் கோடையில்தான் ஊர் திரும்பியிருந்தார். நிக்காஹ் முடிந்த கையோடு கப்பல் ஏறியவர். நடுநடுவே வந்து போன நாட்களை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும், மனைவி பத்ருன்னிசாவோடு ஒரு மழைக்காலத்தை முழுசாகக் கழித்ததாகச் சொல்ல முடியாது. இனிமேல் கப்பல் என்ற பேச்சே இல்லை என்று இந்தத் தடவை அவளிடம் சொல்லியிருந்தார். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்று சொல்ல முடியாது, போன தடவையும் அதையேதான் சொன்னார்.

திருவேட்டக்குடியில் கடலோரமாக அவர் வாங்கிய நிலம் உப்பேறிய மண். அதில் எல்லா நெல்லும் வராது. குழியடிச்சான் ஒன்றுதான் வரும். அந்த விதையைத் திருமலைராயன்பட்டினத்தில் இருக்கும் பத்ருன்னிசாவின் அண்ணன் கொடுத்திருந்தார். வைக்கோல் பிரியைச் சுற்றிச் சாணி மெழுகிய விதைக்கோட்டைகள் வீட்டின் பின்பக்கத்து நெல்லறையில் அடுக்கியிருந்தன. வேறு விதை வாங்க வழியில்லை. கேட்டால் கொடுக்க அண்ணனிடமும் மிச்சமில்லை. அது முளைத்தால் மனிதர் ஊரில் இருப்பார். முளைக்காவிட்டால் மறுபடியும் சைகோன்தான். பழைய முதலாளி நாகூரிலிருந்து ஒரு ஆளை அனுப்பி, "கடையில ஒங்க எடம் காலியாத்தான் இருக்கு, ஆவணி கடைசியில கப்பலு" என்று சொல்லியும் வைத்திருந்தார்.

அப்போதுதான் நெல்லறைக்குள் எலி வந்தது.

சாதாரண எலி இல்லை. கோட்டையின் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே போய்த் தின்று, மேலே வந்து உட்கார்ந்துகொண்டு ஆளையே முறைத்துப் பார்க்கும். தாவூதுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோலை எடுத்துக்கொண்டு ஓடுவார், வருவார், மறுபடி ஓடுவார். எலிக்கிட்டி வைப்பதில் கெட்டிக்காரனான முத்தையனுக்குச் சொல்லி அனுப்பினார். அவன் நாளைக்கு வருகிறேன் என்றான். அன்று சாயங்காலமே தெருவில் தண்டோரா போட்டார்கள்: இனம் தெரியாத எலியைக் கண்டவர்கள் உடனே அலுவலகத்துக்கு வந்து தெரிவிக்க வேண்டியது. வருஷா வருஷம் போடுகிற தண்டோராதான். ஊரில் பிறந்து ஊரிலேயே வளர்ந்தவன் எவனும் அதைக் கேட்டுத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கேட்காத ஆபீசுக்கும் ஒன்றும் சொல்ல மாட்டான், கேட்கிற ஆபீசுக்கும் ஒன்றும் சொல்ல மாட்டான். தாவூது வெளிநாட்டில் இருந்தவர். சர்க்கார் கேட்கிறது என்றால் ஏதோ செய்வதற்காகக் கேட்கிறது என்று நினைத்துவிட்டார்.

"என்னங்க, முத்தையன்தான் நாளைக்கு வாரேன்னுட்டான்ல?" என்றாள் பத்ருன்னிசா. "ஆபீசுக்கெல்லாம் எதுக்குப் போறீங்க?"

"அவன் ஒண்ணைப் புடிப்பான். சர்க்காரு வந்தா குடும்பத்தோட புடிச்சிட்டுப் போயிடும் புள்ள."

அவர் சொன்னது அப்படியே பலித்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தக் குடும்பம் என்பதில்தான் வித்தியாசம்.

முசே எத்மோன் எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் எலி விஷயமாக வந்த முதல் மனிதர் தாவூதுதான்.

"ஒக்காருங்க முசே. எலி எங்க இருக்கு?"

"வீட்ல இருக்குதுங்க. இங்க கொண்டாரவா?"

"ஐயோ, வேணாம் வேணாம்! எலியெல்லாம் இங்க வரப்படாது, இது ஆபீசு. எப்படி இருக்கும், வாயால சொல்லுங்க."

"பூனைக்குட்டி தண்டி இருக்கும்ங்க. அடிவயிறு செவப்பு. விதைநெல்லைத் தின்னு தீக்குது. கண்ணைப் பாத்தா பயமே இல்லாம மொறைக்குதுங்க."

எத்மோன் பேனாவை எடுத்தார். "காட்டெலி!" என்றார்.

எதிர் மேஜையிலிருந்து வைத்தியலிங்கம் தலையை நிமிர்த்தினார். "காட்டெலின்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"முசே, நம்ம புய்ரோ காட்டெலிக்குத்தான் இருக்குது. இவரு நம்ம புய்ரோவுக்குத்தான் வந்திருக்காரு. அப்புறம் அது வேற என்னவா இருக்க முடியும்?"

வைத்தியலிங்கம் முன்னும் பின்னும் யோசித்துப் பார்த்தார். எந்த ஓட்டையும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டார்.

தாவூதுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப எப்பங்க வந்து புடிச்சிட்டுப் போவீங்க?"

"புடிக்கிறதா?" என்று இரண்டு டைரக்டர்களும் ஒரே குரலில் கேட்டார்கள். இணைப்புக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. "இனம் பிரிக்கிற வரைக்கும் அதோட மயிரு ஒண்ணு உதிரப்படாது மரைக்காரே. உதிந்தா நீங்கதான் பொறுப்பு," என்றார் வைத்தியலிங்கம்.

மறுநாள் இருவரும் குதிரை வண்டியில் திருவேட்டக்குடிக்கு வந்தார்கள். எத்மோன் காட்டுக்குப் போகிறவர்கள் போடும் தக்கைத் தொப்பி போட்டிருந்தார். வைத்தியலிங்கம் முழங்கால் வரை தோல் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டும் அலுவலகத்தில் நெடுங்காலமாகப் பெட்டியில் இருந்தவை, அந்துருண்டை வாசனை அடித்தது. நெல்லறைக் கதவைத் திறந்ததும் எலி வழக்கம்போல விதைக்கோட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இவர்களைப் பார்த்தது.

"அதாங்க! அதாங்க!" என்று தாவூது கத்தினார்.

டைரக்டர்கள் இருவரும் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"காட்டாதீங்க மரைக்காரே," என்றார் வைத்தியலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு. "இனம் பிரிக்கிறதுக்கு முன்னாடி பாத்துட்டா மனசுல ஒரு அபிப்பிராயம் விழுந்துடும். அப்புறம் நியாயமா வேலை பாக்க முடியாது. நாங்க எழுத்தை வச்சுத்தான் இனம் பிரிப்போம், கண்ணை வச்சு இல்ல."

"கண்ணு யாருக்குத்தான் இல்ல?" என்றார் எத்மோன், சுவரிடம். "கண்ணால பாத்தா போதும்னா அப்புறம் டைரக்டர் எதுக்கு?"

எலிக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது, கோட்டைக்குள் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் திரும்பி அறையின் நீள அகலத்தை அளந்தார்கள், ஓடுகளை எண்ணினார்கள். அளந்து முடித்ததும் ஒரு சிக்கல் கிளம்பியது. காட்டில் இருந்தால்தான் அது காட்டெலி. இது வீடு. வீட்டில் இருக்கிற எலி அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்படாது. தாவூதின் நெஞ்சில் ஒரு நம்பிக்கை துளிர்த்தது. "அப்ப நானே அடிச்சுக்கலாமாங்க?" என்று ஆசையாகக் கேட்டார்.

எத்மோன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். வைத்தியலிங்கம் தாடையைச் சொறிந்தார். கடைசியில் வைத்தியலிங்கத்துக்குத்தான் பொறி தட்டியது. காட்டெலி என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது இந்த அறை ஒன்றுதான். ஆகவே இது காடாக இருந்தாக வேண்டும்.

அந்த வாரமே நெல்லறை வெப்பமண்டலக் காடாக அறிவிக்கப்பட்டது. கதவில் பலகை அடித்தார்கள். அறிவித்த பிறகு காட்டுக்கு உண்டான சட்டமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. காட்டுக்குள் பெருக்கக் கூடாது. காட்டை ஒட்டி நெருப்பு மூட்டக் கூடாது. நெல்லறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான், ஆகவே பத்ருன்னிசா பக்கத்து வீட்டில் போய் உலை வைத்தாள். காட்டில் உள்ள பொருள் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. விதைக்கோட்டை காட்டில் உள்ள பொருள்.

"அது என் விதைங்க!" என்று தாவூது அலறினார்.

"இருக்கலாம்," என்றார் வைத்தியலிங்கம் பொறுமையாக. "ஆனா இப்ப அது அந்த விலங்கோட இயற்கை உணவு. இயற்கையில நாம கை வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

நாளைக்கு என்று சொல்லியிருந்த முத்தையன், பல நாள் கழித்து, இது எதுவும் தெரியாமல் கிட்டிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். எலிக்கிட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வளைத்த மூங்கிலும் கயிறுமாக இருக்கும், எலி தலையை நீட்டினால் கயிறு விடுபட்டு நெரித்துவிடும். காவலுக்குப் போட்டிருந்த ஆள் அவனைப் பிடித்துக்கொண்டு போய் எத்மோன் முன்னால் நிறுத்தினான்.

"வில்லு வச்சிருக்கான் முசே," என்றார் எத்மோன் எதிர் மேஜையைப் பார்த்து. "காட்டுக்குள்ள வில்லோட போனவன் வேட்டைக்காரன்தானே?"

"சாமி, இது எலி புடிக்கிற கிட்டிங்க. எங்க அப்பன் காலத்துலேர்ந்து வயல்ல இதைத்தான் வைக்கிறோம்."

"பரம்பரை வேட்டைக்காரன்," என்று வைத்தியலிங்கம் எழுதிக்கொண்டார். கிட்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். வருகிற அறுவடை வரைக்கும் முத்தையன் எந்த வயலிலும் இறங்கக் கூடாது என்று உத்தரவானது. அவன் தாவூது வீட்டு வாசலில் நின்று, "மரைக்காரே, ஒங்க நல்லதுக்கு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். தாவூதுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இதற்கிடையில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கடைமடைக்குத் தண்ணீர் வருவதே பெரிய பாடு, வந்தால் நிற்காது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் நாற்றங்கால் உழுதார்கள், விதை ஊறப்போட்டார்கள். தாவூது விடிந்ததும் வயலுக்கு ஓடுவார், தண்ணீரைப் பார்ப்பார். அங்கிருந்து ஓடி வந்து நெல்லறைக் கதவில் காதை வைப்பார். உள்ளே கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தன் எலும்பில் கேட்பதுபோல இருக்கும் அவருக்கு. அங்கிருந்து கோட்டுச்சேரி வழியாகக் காரைக்காலுக்கு நடந்து போய் அலுவலகத்தில் நிற்பார்.

அலுவலகத்தில் அப்போது எலி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதில் தகராறு. அது கொடி மாறுவதற்கு முன்னால் பிறந்ததா, பின்னால் பிறந்ததா? முன்னால் என்றால் பிரெஞ்சு எலி, பாரிஸ் காட்சிசாலைக்குப் போக வேண்டும். பின்னால் என்றால் இந்திய எலி, கல்கத்தாவுக்குப் போக வேண்டும். "அதோட தைரியத்தைப் பாருங்க முசே, மனுசனைப் பாத்து மொறைக்குதுன்னு இவரே சொல்றாரு. பிரெஞ்சு ஆட்சியில பொறந்தாத்தான் அது வரும்," என்றார் எத்மோன். "அடுத்தவன் நெல்லைக் கேக்காம தின்னுதே, அது வேணா உங்க ஆட்சிக்குப் பொருந்தும்," என்றார் வைத்தியலிங்கம். இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டு ஒருவருக்கொருவர் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். கடிதங்கள் புதுச்சேரி போய்த் திரும்பி வந்து எதிர் மேஜையைச் சேர்ந்தன.

சண்டை எப்படி இருந்தாலும் விழாவுக்குக் குறை வைக்கவில்லை. நெல்லறைக்கு முன்னால் பந்தல் போட்டு, பெரிய மனிதர்களை அழைத்து, பலகைக்கு மாலை போட்டார்கள். தாவூதையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் காட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தவர் என்ற முறையில் அந்த மரியாதை.

எத்மோன் பேசினார்: "இந்தப் புய்ரோவுல சேந்த நாள்லேர்ந்து எலிக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். நெறையப் பேரு கேட்டாங்க, காடே இல்லாத ஊர்ல என்னய்யா வேலைன்னு. நான் சொன்னேன், காடு இருந்தா எலி தானா இருக்கும், அதுக்கு ஆபீசு எதுக்கு? காடு இல்லாத எடத்துலதான் ஆபீசு வேணும். இன்னைக்கு ஒரு காட்டையே உண்டாக்கிட்டோம்!"

கைதட்டல் அடங்கியதும் வைத்தியலிங்கம் எழுந்தார்: "எலி நெல்லைத் தின்னுதுன்னு சில பேருக்குக் குறை. தின்னாத எலியும் உண்டா? சர்க்கார்ல இருக்கிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். இன்னொண்ணு சொல்றேன். இந்த ஆபீஸ் இத்தனை வருஷம் நிலைச்சு நின்னுதுன்னா அதுக்குக் காரணம், யாரும் அவசரப்பட்டு வேலையைச் செய்யலை. செஞ்சிருந்தா என்னைக்கோ முடிஞ்சிருக்கும், இழுத்து மூடியிருப்பாங்க. ஆகையினால இந்த எலி விஷயத்திலேயும் நாங்க அவசரப்பட மாட்டோம்னு பொதுமக்களுக்கு உறுதி சொல்றேன்."

அதற்குத்தான் அதிகமான கைதட்டல். தாவூதும் கூடவே தட்டினார், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல்.

அன்று சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் நாகூர் ஆள் மறுபடி வந்தான். கப்பலுக்கு நாள் வைத்தாயிற்று, துணிமணி எடுத்து வைக்கச் சொன்னான். தாவூது கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தார். நாகூர் ஆளும் கொஞ்ச நேரம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டான்.

பத்ருன்னிசா பக்கத்து வீட்டிலிருந்து சோற்றுச் சட்டியைக் கொண்டு வந்து வைத்தாள். வைத்த வேகத்தில் மூடி எகிறியது.

"பொட்டியைக் கட்டிடட்டுமா?"

"நான் போறேன்னு சொன்னேனா புள்ள?"

"போகலேன்னும் சொல்லலியே! விதை பாதிக்கு மேல போச்சு. தண்ணி வடிஞ்சிட்டிருக்கு. நீங்க இப்படி நடந்துக்கிட்டே இருக்கீங்க." அவள் குரல் உடைந்தது. "ஒரு எலி வந்துச்சு. அதுக்குக் காடு குடுத்தாங்க, காவல் போட்டாங்க, நெல்லைக் குடுத்தாங்க. எங்க வேணும்னாலும் நிம்மதியா ஒக்காந்து தின்னுதுங்க அது. அது எனக்குத்தான் எனக்குத்தான்னு ரெண்டு சர்க்காரு சண்டை போடுது. நீங்க எலியாப் பொறந்திருந்தா நான் ஏன் இப்படித் தனியாக் கெடக்கப்போறேன்?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தாவூது நடையை நிறுத்தினார். வெகுநேரம் அசையாமல் நின்றார். அந்த மாதம் முழுவதும் அவர் ஒரே இடத்தில் நின்றது அப்போதுதான்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனார்.

"இன்னொரு எலிங்க," என்றார்.

எத்மோன் காகிதத்தை எடுத்துக்கொண்டார். விவரம் எழுதும்போது அவர் தலையை நிமிர்த்துவதில்லை. "எங்க?"

"அதே காட்டுலதாங்க. ரொம்ப நாளா இருக்குது."

"என்ன தின்னும்?"

"நெல்லுங்க. கெடைச்சா."

"நீளம்?"

"அஞ்சரை அடி இருக்கும்ங்க."

எதிர் மேஜையில் பேனா நின்றது. எத்மோனின் பேனா நிற்கவில்லை. "வாலு?"

"இல்லீங்க."

"வாலில்லாத காட்டெலி!" என்று எத்மோன் கூவினார். "ஒலகத்துலயே கெடையாது முசே! உள்ளூர்ல அதை என்னன்னு கூப்புடுறாங்க?"

"தாவூதுன்னு கூப்புடுவாங்கங்க."

வைத்தியலிங்கம் நிமிர்ந்து அவரை நேருக்கு நேராகப் பார்த்தார். தாவூதும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு வைத்தியலிங்கம் மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விதி விதிதான். எழுத்தில் ஏறிய விவரத்தில் ஒரு பிழை இல்லை, முந்தியதைவிடப் பெரிய விலங்கு வேறு. இதை இந்தியா முந்திக்கொள்ளாவிட்டால் பிரான்சு தட்டிக்கொண்டு போய்விடும். "பொறந்தது எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார்.

"இங்கதாங்க."

"வெளியூர் போற பழக்கம் உண்டா?"

"இதுவரைக்கும் போய்க்கிட்டேதாங்க இருந்துச்சு. இனிமே போகாது."

"போகப்படாது," என்றார் எத்மோன் கண்டிப்பாக. "நாடு எதுன்னு முடிவாகாம பதிவான விலங்கு எல்லையைத் தாண்டிப் போச்சுன்னா எங்க உத்தியோகம் போயிடும்."

"அது நெல்லை எடுத்துட்டுப் போயி வெளியில மண்ணுல போட்டுதுன்னா?"

"அது அதோட சுபாவம். தடுக்கக் கூடாது."

"அந்த இன்னொரு எலி இருக்குதுங்களே, அதோட சண்டை கிண்டை..."

"மரைக்காரே," என்றார் வைத்தியலிங்கம், சுவரைப் பார்த்தபடியே. "காட்டுக்குள்ள ரெண்டு விலங்கு அடிச்சுக்கிட்டா ஆபீஸ் குறுக்க வராது."

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாடு எது என்ற இடத்தைக் காலியாக விட்டார்கள்.

தாவூது வீட்டுக்கு ஓடியே வந்தார். காவல்காரனிடம் காகிதத்தைக் காட்டினார். அவன் படித்துவிட்டு விலகி நின்று கதவைத் திறந்துவிட்டான். உள்ளே உலக்கையோடு போனார். சத்தம் கேட்டுக் கூடிய ஜனங்களிடம் காவல்காரன், "காட்டு விஷயம், கிட்டப் போகாதீங்க" என்றான். வெளியே வரும்போது தாவூதின் தோளில் மிச்சமிருந்த விதைக்கோட்டை இருந்தது. நன்றாக இருந்த மணிகளைப் புடைத்துப் பொறுக்கி எடுத்துப் பத்ருன்னிசா ஊறப்போட்டாள். என்ன நடந்தது என்று கேட்டால் எல்லாம் கலைந்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி வேலையிலேயே கண்ணாக இருந்தாள். வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர் இருக்கும்போதே நாற்றங்காலில் விதை விழுந்துவிட்டது.

நாகூர் ஆள் வந்தபோது தாவூது அந்தக் காகிதத்தையே அவனிடம் நீட்டினார். அவன் இரண்டு தடவை படித்தான். பிறகு அவருடைய முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தான். சலாம் சொல்லாமலே போய்விட்டான்.

விஷயம் பரவ எத்தனை நேரமாகும்? அடுத்த வாரம் எலிப் புய்ரோ வாசலில் கோட்டுச்சேரி முழுவதும் வரிசையில் நின்றது. குத்தகைக்காரனை வெளியேற்றலாமாம், எலியை வெளியேற்ற முடியாதே என்று ஒருவன். ரேஷன் நெல்லுக்கு அலைய வேண்டாமே என்று இன்னொருவன். முத்தையன் தன் கிட்டிகளைத் திரும்ப வாங்குவதற்காக நின்றான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சொல்தா பென்சன் வாங்குகிற ஒரு கிழவர் மட்டும், பிரெஞ்சு எலியாகப் பதிவதாக இருந்தால்தான் சம்மதம் என்றார். அலுவலகத்துக்குக் கூடுதலாக ஆள் போட வேண்டியதாயிற்று. ஆண்டறிக்கை அந்த வருஷம் மூன்று பாகமாக வந்தது. காரைக்கால் வட்டாரத்தில் மனித நடமாட்டம் வெகுவாகக் குறைந்து, கொறிவிலங்குகள் நல்ல நிலையில் பெருகியிருப்பதாக அதில் கண்டிருந்தது.

நாற்று பச்சை கட்டிய ஒரு நாள் டைரக்டர்கள் இருவரும் வரப்பில் வந்து நின்றார்கள். இனம் பிரித்தாகிவிட்டதால் இனிமேல் கண்ணால் பார்க்கத் தடையில்லை. தாவூது சேற்றில் நின்று களை பறித்துக்கொண்டிருந்தார். எத்மோன் ஒவ்வொன்றாக வியந்து சொல்ல, வைத்தியலிங்கம் எழுதிக்கொண்டார்.

பத்ருன்னிசா வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடிக்கொண்டு கஞ்சித் தூக்கோடு வரப்பில் வந்தாள். எத்மோனுக்குக் கண் விரிந்தது. "அம்மா, நீங்களும் இதே இனமா?" என்று கேட்டார்.

அவள் நின்றாள். அந்நிய ஆண்களிடம் பேசிப் பழகாதவள். துப்பட்டியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமாங்க. நிக்காஹ் ஆயி இத்தனை வருசத்துல இப்பத்தான் ரெண்டும் ஒரே பொந்துல கெடக்குது. குட்டி பொறந்தா அதுக்கும் ஒங்ககிட்ட வந்து அனுமதி வாங்கணுமா?"

டைரக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு விதி இல்லை. எழுதித்தான் அனுப்ப வேண்டும், பதில் வர நாளாகும் என்றார் வைத்தியலிங்கம்.

"நாளாகட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் வயலில் இறங்கினாள்.

தாவூது சேற்றுக் கையோடு தூக்கை வாங்கிக்கொண்டார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மனிதராக இருந்த காலத்தில் இந்த இரண்டும் அவருக்குச் சேர்ந்து வந்ததே இல்லை.